வெட்டிய மரத்தின் நிழல்

மரத்தை வெட்டித் துண்டு போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள்தான், அதன் நிழலை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நடுவப்பேரி ஊர் கவனித்தது. அதுவும் யாரும் அண்ணாந்து பார்த்துக் கவனிக்கவில்லை, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வழக்கம்போல வண்டிகளை நிழலில் நிறுத்திவிட்டு வழக்கம்போல வெட்டிப்பேச்சுப் பேசிக்கொண்டிருக்க, பஸ்சுக்கு நின்ற ஒரு குழந்தை, மரம் எங்கே என்று தன் அம்மாவிடம் கேட்டபோதுதான் கவனித்தது. காலையில் ரோட்டுப் பக்கம், உச்சிப்பொழுதில் அடிமரம் இருந்த குழியைச் சுற்றி, மதியத்துக்கு மேல் கல்லூரி முற்றத்தின் பக்கம் என்று, நாற்பது வருஷமாக எப்படி நகர்ந்ததோ அப்படியே நகர்ந்துகொண்டிருந்தது அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல். சாயங்காலம் ஆறு மணிக்கு இலைகளை மூடிக்கொண்டு தூங்கவும் செய்தது.

சாலையை அகலப்படுத்தியவர்களுக்குத் தகவல் போய், ஓர் அதிகாரி டேப்பைப் பிடித்து நிழலின் நீள அகலத்தை அளந்தார். மரம் அகற்றப்பட்டது, நிழல் அகற்றப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார், அத்தோடு சரி. ஊருக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. வெயிலுக்குப் பேர்போன ஊரில் இலை கொட்டாத, காக்கை எச்சம் போடாத நிழல் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்குப் பைத்தியம்? மோர்க்காரர் மட்டும்தான் முனகிக்கொண்டு இடம் மாறினார். அந்த நிழலில் வைத்தால் பாலுக்கு உறை குத்தினாலும் தயிராகவில்லை, மூன்று நாளானாலும் பால் பாலாகவே இருக்கிறது என்றார்.

நிழலுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதும் அந்த வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. காலை ஒன்பது மணிக்கு ரோட்டில் விழும் கிளை நிழல்களில், கிழக்கே நீண்ட பெரிய கிளையின் நிழலில், தலையில் துண்டு கட்டிய ஓர் உருவம் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. தலையும் காலும் தெளிவாகத் தெரிந்தன, கைகள் இரண்டும் இலை நிழலுக்குள் மறைந்திருந்தன. அது யார் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் தளவாய் மட்டும் ஒரு சாக்கட்டி எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இதுமேல ஒருத்தனும் வண்டிய ஏத்தப்பிடாது, எச்சி துப்பப்பிடாது, கேட்டியளா" என்றார். வெயில் நகர நகர வட்டத்தை அழித்து அழித்துப் போட வேண்டியிருந்தது. அவர் சலிக்காமல் போட்டார்.

அது கல்லூரித் தோட்டக்காரர் சிவனணைந்தான். அவருடைய மனைவி பிரமு அதே கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர். மரம் வெட்ட வெளியூர் ஆட்கள் வந்த அன்று காலையில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டார்கள். மாடியில் ஆய்வகச் சன்னலுக்கு நேராக நீண்டிருந்த பெரிய கிளையை அந்த ஆட்கள் கண்டபடி வெட்டினால் அது சன்னல் வழியாக உள்ளே பாயும், உன் கண்ணாடிச் சாமானெல்லாம் தூள் தூளாகும், நான் ஏறிக் கயிறு கட்டித்தான் இறக்கவேண்டும் என்றார் அவர். "அம்பத்திரண்டு வயசுல மரம் ஏறணும்னு ஒங்க தலையில எழுதியிருக்கா? கண்ணாடி ஒடஞ்சா வாங்கிக்கிடலாம்" என்றாள் அவள். அவர் கேட்கவில்லை. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒன்பதரை மணி வாக்கில் ஆய்வகத்தில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே கிளையிலிருந்து "பிரமு" என்று குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை. மறுபடியும் "பிரமு, ஏ பிரமு" என்று கேட்டது. மூன்றாவது முறையும் கேட்டபோது எழுந்து போய், தலையைக் குனிந்தபடியே, சன்னலின் இரண்டு கதவுகளையும் படாரென்று அறைந்து சாத்தினாள். அதன் பிறகு கேட்ட சத்தத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சன்னலை அன்றிலிருந்து இரண்டு வருஷமாக யாரையும் திறக்க விட்டதும் இல்லை. ஆய்வகத்தில் புழுங்கிச் செத்தார்கள், ஆனாலும் வாயைத் திறந்து கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தினமும் காலையில் வேலைக்கு வருமுன் அவள் சாக்கட்டி வட்டத்தின் ஓரமாகக் கால்மணி நேரம் உட்காருவாள். அவர் விழுந்து செத்து இரண்டு வருஷமாகியும் துக்கம் கொஞ்சங்கூட ஆறவில்லை, முதல்நாள் போலவே பச்சையாக இருந்தது. அந்த நிழலின் குணம் அது. அங்கே நிறுத்திய சைக்கிள் துருப்பிடிக்கவில்லை, அறுத்து வைத்த கத்திரிக்காய் கறுக்கவில்லை. அதேபோல அங்கே உட்கார்ந்து பேசிய சண்டைகளும் ஆறவில்லை. இரண்டு ஆட்டோக்காரர்கள் முன்னொரு நாள் டீ டம்ளரைத் தட்டிவிட்டதற்காக இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

பிரமு என்ன நினைத்து அங்கே உட்கார்ந்தாள் என்றால், ஒன்றே ஒன்றைத்தான். எதற்குக் கூப்பிட்டார்? கையை நீட்டிச் சமாதானம் சொல்லக் கூப்பிட்டாரா, கிளை வழுக்குகிறது, ஆளைக் கூப்பிடு என்று கத்தினாரா? கை எங்கே இருந்தது என்று தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும். கைதான் இலைக்குள் இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஜெபக்கனியின் மூக்கிரட்டை இலை வந்து சேர்ந்தது. ஜெபக்கனி ஆறாவது வருஷமாக ஆராய்ச்சி செய்கிற பெண். பட்டத்துக்குப் பதிவு செய்த காலம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது, அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷமும் பாழ். வேலிகளிலும் குப்பைமேட்டிலும் முளைக்கிற செடிகளைப் பறித்து, நிழலில் பத்து நாள் உலர்த்தி, பொடித்து, சாறு இறக்கி, அந்தச் சாறு எவ்வளவு தூரம் கெட்டுப்போதலைத் தடுக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. பார்க்கிற விதம் எளிது. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் உண்டு. அதில் சாற்றை விட்டு, வெளிச்சம் படாமல் அலமாரிக்குள் அரை மணி நேரம் பூட்டிவைத்து எடுத்தால், சாற்றுக்குச் சக்தி இருந்தால் ஊதா போய் மஞ்சளாகும். எவ்வளவு போயிற்று என்று ஒரு கருவி எண் சொல்லும்.

"அது ஏன் ஊதாவா இருக்கு பிள்ள?" என்று முன்பு ஒருநாள் பிரமு கேட்டாள்.

"அதுக்குள்ள ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒண்ணு கெடந்து தவிக்குதுக்கா. ஜோடி கெடைக்கிற வர அது ஊதாதான். இலைச்சாறு தன்கிட்ட இருக்கதுல ஒண்ண எடுத்து அதுக்குக் குடுக்கும். குடுத்த ஒடனே அது அடங்கி மஞ்சளாயிரும்."

"குடுத்ததுக்கு என்ன ஆவும்?"

"குடுத்தது போனது போனதுதான். திரும்ப வராது."

அந்த வருஷம் ஐப்பசி மழையில் உலர்த்தும் அறை ஒழுகியது. இலையை நிழலில் உலர்த்தவேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறதே தவிர யாருடைய நிழலில் என்று எழுதியிருக்கவில்லை. மழை விட்டதும் பிரமு செய்தித்தாளை விரித்து இலைகளைப் பரப்பி, தூங்குமூஞ்சி நிழலோடு கூடவே காலையில் ரோட்டோரமும் பிற்பகலில் முற்றமுமாக இழுத்து இழுத்துப் பத்து நாள் காயவைத்தாள். இலை சருகாகக் காய்ந்தது, ஆனால் பறித்த அன்றைய பச்சை போகவில்லை.

அந்தச் சாற்றை ஒரு சொட்டு விட்டதும் ஊதா நின்ற இடத்திலேயே காணாமல் போனது. அலமாரியைத் திறக்கவே வேலை வைக்கவில்லை. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த வைட்டமின் சி பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. வழிகாட்டிப் பேராசிரியர் வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்கயோ தப்பு நடந்திருக்கு, வேற எடத்துல காயப்போட்டு எடு" என்றார். வேறு இடத்தில் காயப்போட்டபோது மூக்கிரட்டை மூக்கிரட்டையாகவே இருந்தது. தூங்குமூஞ்சி நிழலில் மறுபடியும் காயப்போட்டபோது மறுபடியும் ஊதா ஓடியது. வேலாயுதம் நிழலைப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதற்குள் நின்றும் பார்த்தார். "சரி. ஒரே எடத்துல மூணு தடவ ஒரே மாதிரி வந்தாத்தான் ஒத்துக்கிடுவாங்க. இன்னொரு தடவ எடு" என்றார்.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையில் நிழல் நிறையச் சாமான். கூழ்வத்தல் போட வந்தவர்கள் முதலில் வந்தார்கள். அப்புறம் மஞ்சளடித்துப்போன கல்யாணப் போட்டோ, குவைத்திலிருந்து வந்த பழைய கடுதாசி, முதல் பிள்ளையின் முதல் சட்டை, செத்துப்போன அக்காவின் கூந்தல் சவுரி என்று, வெளுத்துவிடும் வெளுத்துவிடும் என்று பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். யார் பொருள் நடுவில், யார் பொருள் ஓரத்தில் என்று சண்டை வந்து, அந்தச் சண்டைகளும் அங்கேயே கெடாமல் கிடந்து, கடைசியில் தளவாய் வீட்டுக்கு ஒரு சாமான் என்று கணக்குப் போட்டு வரிசை வைத்தார்.

நிழல் சுருங்குவதை முதலில் கண்டவள் பிரமுதான். இரண்டாம் தடவை இலையை அள்ளியபோதே, ஒவ்வொரு இலையும் கிடந்த இடத்தில் அந்த இலை வடிவத்துக்கு ஒரு வெயில் துண்டு விழுந்திருப்பதைப் பார்த்தாள். முதலில் கண்ணின் கோளாறு என்று நினைத்தாள். வத்தலும் போட்டோவும் வந்த பிறகு, ஓரத்தில் நின்ற நாலு ஆட்டோக்கள் வெயிலில் நின்றன. கிளைகள் ஒவ்வொன்றாக மங்கின. ஜோடி கெடைக்கிற வர ஊதா, குடுத்தது திரும்ப வராது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கி, ஊர்ச் சாமானையெல்லாம் வாரி ரோட்டோரம் எறிந்தாள்.

"எல்லாரும் எடுத்துட்டுப் போங்க! ஒங்க வத்தலுக்கும் துணிக்கும் என் வீட்டுக்காரரக் கரைக்கதுக்கா? வெக்கமா இல்ல?"

ஆளாளுக்குத் தங்கள் சாமானைப் பொறுக்கிக்கொண்டார்கள். கல்யாணப் போட்டோக்காரி மட்டும் அழுதுகொண்டே போட்டோவைத் தட்டி எடுத்துக்கொண்டு போனாள். தளவாய் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குத் தோணாமப் போச்சே தாயி" என்றார்.

ஜெபக்கனி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் மூன்றாம் தடவைக்குப் பறித்து வந்த இலைப்பை. மார்ச் முப்பத்தொன்றுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"எக்கா, நான் விட்டுருதேன். எங்க அத்தான் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேல இருக்குன்னாவ, அதுக்குப் போறேன்" என்றாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. ஆறு வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் போல வந்தது. பிரமு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வட்டத்தின் ஓரம் உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். இலை நிழல் மெலிந்து, அவருடைய தோளும் முழங்கையும் வெளியே வந்திருந்தன. முழங்கை கிளையை நோக்கி வளையவில்லை. அந்தக் கை கிளையைப் பிடித்திருக்கவில்லை.

அன்று ஆய்வகத்தில் இரண்டு குழாய்களை உடைத்தாள். இன்னும் கொஞ்சம் இலை நிழல் போனால் கை தெரியும். கை தெரியவேண்டுமானால் மரத்தில் மிச்சமிருப்பதும் போகவேண்டும், மரமும் போனபின் அவர் எவ்வளவு நாள் தங்குவார் என்று யார் சொல்ல முடியும்? தெரியாமலே அவரைத் தினம் பார்த்துக்கொண்டிருப்பதா, தெரிந்துகொண்டு இழப்பதா? சாயங்காலம் அவளே ஜெபக்கனியின் பையை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எக்கா, வேண்டாம்க்கா."

"ஒனக்காவ ஒண்ணும் இல்ல. நீ சும்மா கெட."

அவரைத் தொடாமல், அவரைச் சுற்றி வளையம் போலச் செய்தித்தாளை விரித்து இலையைப் பரப்பினாள். தினமும் வெயிலோடு சேர்த்து வளையத்தையும் நகர்த்தினாள். முதல் நாள் சிறு கிளைகள் போயின. நாலாம் நாள் அடிமரத்து நிழல் மெலிந்து குச்சியானது, ஆட்டோக்கள் எதிர்ப்பக்கம் டீக்கடைத் தட்டிக்குக் கீழே போய்விட்டன. ஏழாம் நாள் பிற்பகல், அவர் உட்கார்ந்திருந்த கிளையும் போய், அந்தரத்தில் உட்கார்ந்த ஒரு மனிதரின் நிழல் மட்டும் முற்றத்தில் மிஞ்சியது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருந்தன. கும்பிடவில்லை, பிடிக்கவில்லை, அழைக்கவில்லை. எதையோ இரண்டு பக்கமிருந்தும் ஒன்றுசேர்க்கிற கைகள். பிரமுவுக்கு அப்போதும் விளங்கவில்லை.

வெயில் சாயச் சாய நிழல் நீண்டு, முற்றத்தைக் கடந்து, சுவரைத் தொட்டு, சுவரில் ஏறியது. இரண்டு வருஷமாக அந்தச் சுவர் முழுக்க இலை நிழல் அப்பிக்கிடந்ததால் யாரும் காணாதது, ஐந்தரை மணிக்கு அன்று தெரிந்தது. நிழலின் கைகள் மாடிச் சன்னல் மேல் போய் நின்றன. வலது கை வலது கதவில், இடது கை இடது கதவில்.

சாத்து என்றுதான் சொல்லியிருக்கிறார். கிளை முறியப்போகிறது, சன்னலைச் சாத்திவிட்டுத் தள்ளிப்போ என்று வாயால் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தும் அவள் திரும்பாததால், பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, சாடையால் சொல்லியிருக்கிறார். அவளும் சாத்தியிருக்கிறாள். அவர் சொன்னதைத்தான் செய்தாள், அவர் சொன்னது தெரியாமல் செய்தாள். ஒரு தடவை 'என்ன' என்று கேட்டிருந்தால் அந்தக் கைகள் கிளையை விட்டிருக்க வேண்டாம். பிரமு முற்றத்து மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அழுகை அழுது ஓய்ந்தது.

இலை இன்னும் காய்ந்திருக்கவில்லை. பத்து நாளில் மூன்று நாள் பாக்கி. ஊரில் அந்த நிழலில் மிச்சமிருந்ததெல்லாம் ஓர் ஆள் அளவுதான்.

"இதோட எடுத்துருவோம்க்கா. அவிய இருக்கட்டும்" என்றாள் ஜெபக்கனி.

"மரத்துல ஏறுனதே இந்தக் கண்ணாடிச் சாமானுக்காவத்தான். பாதியில எறங்கச் சொன்னா கேப்பாவளா? இன்னும் மூணு நாள் வேல இருக்கு அவியளுக்கு."

அரைச்சருகாக இருந்த இலைகளைப் பிரமு மடியில் அள்ளிக்கொண்டு வந்து, மறுநாள் காலையில், முதன்முறையாக அவர் மேலேயே பரப்பினாள். கைகள் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கி, கடைசியாகப் பரப்பினாள். மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை, தாளை இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நகர்ந்தாள். உச்சி வெயிலில் அவர் ஒரு முழத்துக்குச் சுருங்கியபோது அவளும் குந்தி உட்கார்ந்து, இலைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாள். ரோட்டில் போனவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தளவாய் சோறு கொண்டுவந்து வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இரண்டு ஆட்டோக்காரர்களும் ஒரு டீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஐந்தரை மணிக்கு இலையை அள்ளியபோது தாளுக்கு அடியில் வெயில் இருந்தது. சுவரிலும் வெயில்தான் இருந்தது.

மார்ச் இருபத்தாறாம் தேதி காலை ஜெபக்கனி ஊதாத் தண்ணீரில் அந்தச் சாற்றை விட்டாள். முதல் சொட்டிலேயே ஊதா போனது, இருந்தாலும் முறைப்படி அரை மணி நேரம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தபோது முதல் இரண்டு தடவை வந்த எண்ணே வந்தது. வேலாயுதம் கையெழுத்துப் போட்டார். உலர்த்திய முறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஜெபக்கனி பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், நிழலில் உலர்த்தப்பட்டது என்று எல்லோரும் எழுதுவதையே எழுதிவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

பிரமு குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சன்னலுக்குப் போனாள். துருவேறிய கொக்கியை நெம்பி நீக்கி இரண்டு கதவுகளையும் வெளியே தள்ளினாள். கிளை இருந்த இடத்தில் வெறும் ஆகாயம். மணி ஒன்பதரை இருக்கும்.

"என்ன, கூப்பிட்டியளா?" என்றாள் சத்தமாக.

கீழே வெயிலில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த தளவாய் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தன்னை இல்லை என்று தெரிந்துகொண்டு, குனிந்து நடந்தார். ஒரு மனிதர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிரமு வெளியே பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு "சரி" என்று சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டி, இரண்டு கதவுகளையும், இந்தத் தடவை சத்தமே இல்லாமல் சாத்தினாள்.